பொட்டலத்துக்குள் இருப்பது எந்த பாக்டீரியா?

சம்பா நடவுக்கு முன்னால் உரக்கடைக்குப் போகிற விவசாயி யூரியாவைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். வெள்ளை மணி, தண்ணீரில் போட்டால் அடியில் எதுவும் தங்காமல் கரையும், கரைந்த தண்ணீரில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் எல்லாவற்றுக்கும் இப்படி ஏதாவது ஓர் அடையாளம் உண்டு. ஆனால் 200 கிராம் அசோஸ்பைரில்லம் பொட்டலத்தைப் பிரித்தால் தெரிவது கறுப்புத் தூள்தான். பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, அதில் பாக்டீரியாவைக் கலந்து அடைத்தது அது. பாஸ்போபாக்டீரியா பொட்டலத்தைப் பிரித்தாலும் அதே கறுப்புத் தூள். ரைசோபியமும் அப்படியே. இப்போது திரவமாகவும் வருகிறது. பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தால் கலங்கல் தெரியும், அவ்வளவுதான். உறையின் மேல் அச்சடித்த பெயரை நம்புவதைத் தவிர விவசாயிக்கு வேறு வழி இல்லை.

நம்பிக்கைக்கு விலை உண்டு. அசோஸ்பைரில்லம் போட்டால் சிபாரிசு செய்த தழைச்சத்தில் கால் பங்கைக் குறைத்துக் கொள்ளலாம் என்று விவசாய இலாகாவினர் சொல்லி வருகிறார்கள். சிக்கனமான யோசனைதான். ஆனால் பொட்டலத்துக்குள் இருப்பது வேறு ஏதோ ஒரு பாக்டீரியா என்றால், அந்தக் கால் பங்கு எங்கிருந்தும் வராது. பயிர் வெளுக்கும், தூர் கட்டுவது குறையும். பொட்டலத்துக்குக் கொடுத்த காசு சின்ன நஷ்டம். களத்து மேட்டில் தெரிவதுதான் பெரிய நஷ்டம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் உயிர் உரங்கள் 2006இல் கொண்டு வரப்பட்டன. தூளாக இருந்தால் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா, திரவமாக இருந்தால் மில்லிக்கு 10 கோடி இருக்க வேண்டும். ஒரு லட்சம் மடங்கு தண்ணீர் சேர்த்துப் பார்க்கும்போது வேற்று நுண்ணுயிர் தென்படக் கூடாது. அசோஸ்பைரில்லத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. தழைச்சத்தே இல்லாத, கூழ் போன்ற ஊட்டக் கரைசலில் அதை விட்டால் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வெள்ளைப் படலம் கட்ட வேண்டும். நல்ல விதிகள்தாம், குறை சொல்ல முடியாது. ஆனால் தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்கிற வேறு பாக்டீரியாக்களும் இந்தக் கரைசலில் படலம் கட்டும். பிரேசில் நாட்டில் தானியப் பயிர்களின் வேரிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா இப்படிப் படலம் கட்டியதால், அதை முதலில் அசோஸ்பைரில்லத்தில் ஒன்று என்றே ஆராய்ச்சியாளர்கள் எண்ணினார்கள். பிறகு வேறு சோதனைகளைச் செய்து, 1986இல் அதை ஹெர்பாஸ்பைரில்லம் என்று தனிக் குடும்பமாகப் பிரித்தார்கள். தேர்ந்தவர்களையே ஏமாற்றிய படலத்தை மட்டும் வைத்துப் பொட்டலத்துக்குச் சான்று கொடுப்பது போதுமா என்பதே கேள்வி.

போதாது. அதற்கு மேல் ஒரு படி போக வேண்டும். அந்தப் படிக்குப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை; லாஸ்பேட்டையிலேயே செய்து விடலாம்.

பாக்டீரியாவுக்கும் ஆகாரம் வேண்டும். பச்சை இலை வெயிலையும் கரியமில வாயுவையும் வைத்துத் தன் உணவைத் தானே செய்து கொள்கிறது. மண்ணில் உள்ள பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வேரிலிருந்து கசியும் சர்க்கரை, புளிப்பு அமிலங்கள், மக்கும் சருகு ஆகியவற்றிலிருந்துதான் அவை கரிச்சத்தைப் பெறுகின்றன. எல்லாம் எல்லாவற்றையும் தின்பதில்லை. ஒரு பொருளைச் செல்லுக்குள் இழுக்க ஒரு வாசல் வேண்டும், அதை உடைக்க ஒரு நொதி வேண்டும். இந்த இரண்டும் இனத்துக்கு இனம் மாறும். மாட்டுக்கு வைக்கோல், கோழிக்குத் தவிடு என்று தீனியை வைத்தே கொட்டகையில் இருப்பதைச் சொல்லிவிடலாம் அல்லவா? பாக்டீரியாவையும் அப்படித் தீனியால் அடையாளம் காணலாம்.

செய்முறை எளிது. சுத்தமான தண்ணீரில் அம்மோனியா உப்பு, பாஸ்பேட், மக்னீசியம் சல்பேட், துளி இரும்பு ஆகியவற்றைக் கரைக்க வேண்டும். இதில் கரிச்சத்து மட்டும் இருக்காது. இந்தக் கரைசலைச் சோதனைக் குழாய்களில் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் ஒரே ஒரு கரிச்சத்துப் பொருளை லிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்றில் குளுக்கோஸ், ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் பால் சர்க்கரை, ஒன்றில் மாலிக் அமிலம் என்று வரிசை போகும். ஒரு குழாயில் எதுவும் சேர்க்காமல் விட வேண்டும். பிறகு தனியாகப் பிரித்து வளர்த்த பாக்டீரியாவை உப்பு நீரில் கழுவி, எல்லாக் குழாய்களிலும் ஒவ்வொரு சொட்டு விட வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் சில நாட்கள் வைத்தால், பிடித்த தீனி இருக்கும் குழாய் கலங்கும். பிடிக்காதது தெளிவாகவே நிற்கும். எதுவும் சேர்க்காத குழாயும் கலங்கியிருந்தால் அன்றைய சோதனையைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான். குழாயைக் கழுவிய சோப்பு மிச்சமிருந்தால்கூட அப்படி ஆகும்.

இந்த முறை புதிதல்ல. ஹாலந்து தேசத்தில் டென் டூரன் டி யோங் என்பவர் 1926இலேயே நூற்றுக்கு மேற்பட்ட கரிப்பொருள்களைப் பாக்டீரியாக்களுக்குக் கொடுத்து எது எதைத் தின்கிறது என்று பட்டியல் போட்டார். 1966இல் கலிபோர்னியாவில் ஸ்டேனியர், பல்லெரோனி, டவுடராஃப் ஆகிய மூவரும் சூடோமோனாஸ் குடும்பத்தில் 267 வளர்ப்புகளை எடுத்து, 146 கரிப்பொருள்களில் வளர்த்துப் பார்த்து இனம் பிரித்தார்கள். 1980களின் கடைசியில் இதையே 96 குழிகள் உள்ள ஒரு சின்னத் தட்டில் அடக்கி விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். 95 குழிகளில் 95 தீனி, ஒன்றில் வெறும் தண்ணீர். பாக்டீரியா தின்று மூச்சுவிட்டால் குழி ஊதா நிறமாகும். தட்டுக்கு விலை அதிகம். குழாய்க்கு இல்லை.

அசோஸ்பைரில்லத்தையே எடுத்துக் கொள்ளலாம். 1925இல் பெய்ஜரிங்க் இதற்கு ஸ்பைரில்லம் என்று பெயர் வைத்தார். பிறகு ஐம்பது வருஷம் யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. 1970களில் பிரேசிலில் ஜோஹன்னா டோபரைனர் என்ற அம்மையார் புல், தானிய வேர்களில் அதைத் திரும்பக் கண்டெடுத்தார். 1978இல் அவரும் டாரண்ட், கிரீக் என்ற இருவரும் சேர்ந்து அதை லிப்போஃபெரம், பிரேசிலென்ஸ் என்று இரண்டு இனங்களாகப் பிரித்தார்கள். பிரித்துக் காட்டிய அடையாளங்களில் முக்கியமானது தீனிதான். மாலிக் அமிலம் இரண்டுக்கும் பிடிக்கும். குளுக்கோஸை மட்டும் கொடுத்துத் தழைச்சத்தையும் நிறுத்தினால் லிப்போஃபெரம் வளரும், பிரேசிலென்ஸ் வளராது. லிப்போஃபெரத்துக்கு பயோட்டின் என்ற வைட்டமினும் தேவை. நிறங்காட்டி சேர்த்திருந்தால் கண்ணுக்கே தெரியும்: மாலிக் அமிலம் தீரத் தீரக் கரைசல் பச்சையிலிருந்து நீலமாகும், குளுக்கோஸிலிருந்து புளிப்பு உண்டானால் மஞ்சளுக்குத் திரும்பும். பள்ளிப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லலாம்.

இனம் எதுவானால் விவசாயிக்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மக்காச்சோளம் போன்ற பயிர்களின் வேரில் லிப்போஃபெரமும், கோதுமை, நெல் வேரில் பிரேசிலென்சும் மிகுதியாகக் குடியேறுவதைப் பிரேசில் ஆராய்ச்சிகள் காட்டின. கண்டிப்பான விதி அல்ல, சாய்வு என்று சொல்லலாம். ஆனாலும் பாகூர் நெல்லுக்கு ஒரு பொட்டலம், மேட்டுப்பூமிச் சோளத்துக்கு ஒரு பொட்டலம் என்று பிரித்துத் தருவதற்கு முன்னால், உள்ளே இருப்பது எது என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா?

மணிலாப் பயிருக்கான ரைசோபியத்தில் சங்கதி இன்னும் வேடிக்கை. ரைசோபியத்தோடு உருவத்தில் ஒட்டிப் பிறந்ததுபோல் இருக்கும் அக்ரோபாக்டீரியம் என்று ஒன்று மண்ணில் உண்டு. வேர் முடிச்சிலிருந்து ரைசோபியத்தைப் பிரிக்கும்போது இதுவும் கூடவே வந்துவிடும். இதனால் தழைச்சத்து கிடைக்காது. இதில் சில வகைகள் பழமரங்களின் அடித்தண்டில் கழலை உண்டாக்கும். இதைக் காட்டிக் கொடுப்பது பால் சர்க்கரை. பால் சர்க்கரை கலந்த அகரில் வளர்த்து, மேலே பெனடிக்ட் கரைசலை ஊற்றினால் அக்ரோபாக்டீரியத்தின் முக்கிய வகையைச் சுற்றி மஞ்சள் வளையம் எழும். ரைசோபியத்தைச் சுற்றி எழாது. சிறுநீரில் சர்க்கரை பார்க்க ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளில் வைத்திருந்த அதே நீலக் கரைசல்தான் இது. 1963இல் கண்டுபிடித்த சோதனை, இன்றும் செல்லும்.

அடுத்தது கொஞ்சம் பயமுறுத்தும் விஷயம். நெல்லில் குலை நோய்க்கும் இலையுறை கருகலுக்கும் சூடோமோனாஸ் ஃப்ளூரசென்ஸ் என்ற பாக்டீரியாவை டால்க் பவுடரில் கலந்து கொடுக்கிறார்கள். விதை கிலோவுக்கு 10 கிராம் என்று விவசாயிகள் கையாலேயே கலக்கிறார்கள். இதற்குரிய அகர் தட்டில் வளர்த்து புற ஊதா விளக்கில் பிடித்தால் பச்சையும் மஞ்சளுமாக ஒளிரும். ஒளிர்ந்ததைப் பார்த்தவுடன் சரி என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் இதன் உறவுக்காரர்களான பியூடிடாவும் எருஜினோசாவும் அதே மாதிரி ஒளிரக் கூடியவை. பியூடிடா சாது. எருஜினோசா அப்படியல்ல, தீக்காயம் பட்டவர்களையும் உடல் நலிந்தவர்களையும் ஆஸ்பத்திரிகளில் படாத பாடு படுத்துகிற கிருமி அது. காளானிலும் பூச்சிகளின் ரத்தத்திலும் டிரஹலோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. ஃப்ளூரசென்ஸ் அதைத் தின்று வளரும். மற்ற இரண்டும் பொதுவாகத் தொடாது. இன்னொரு குழாயை 41 டிகிரி சூட்டில் வைத்தால் எருஜினோசா வளரும், ஃப்ளூரசென்ஸ் வளராது. ஆக, வெறுங்கையால் விதை கலக்கும் விவசாயியின் பத்திரத்துக்கு இரண்டு குழாய். டிரஹலோஸ் விலை உயர்ந்த சரக்குதான், ஆனால் 5 மில்லி குழாய்க்கு 5 மில்லிகிராம் போதும். 1 கிராம் வாங்கினால் 200 குழாய் வரும்.

வறட்சியில் நெல் இலை மீது தெளிக்கச் சொல்லும் இளஞ்சிவப்பு நுண்ணுயிர்க் கரைசலுக்கும் இது பொருந்தும். வளரும் இலையிலிருந்து மெத்தனால் என்ற சாராய வகை கசிகிறது. அதைத் தின்று வாழ்வது மெத்தைலோபாக்டீரியம். பாட்டிலில் நிறம் சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது; சிவப்பு நிற ஈஸ்ட்டுகளும் இருக்கின்றன. மெத்தனாலை மட்டும் கொடுத்து வளர்கிறதா என்று பார்த்தால் தீர்ந்தது.

இதையெல்லாம் யார் செய்வது? இங்கேதான் லாஸ்பேட்டை வருகிறது. பிரெஞ்சு கவர்னர் லாவின் பெயரைச் சுமக்கும் இந்தப் பேட்டையில் இன்று விமான தளமும் வீடுகளுமாக நெருங்கிவிட்டன. ஏர் ஓடுவதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் தாகூர் கலைக் கல்லூரி இங்கே இருக்கிறது. மோதிலால் நேரு பாலிடெக்னிக், மகளிர் பாலிடெக்னிக் இரண்டும் இங்கேதான். வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் புதுச்சேரிக் கல்லூரிகளுக்குத் தினமும் பஸ் ஏறி வருகிறார்கள். அப்பா வாங்கி வைத்திருக்கும் பொட்டலத்தில் ஒரு தேக்கரண்டி எடுத்து வருவது அவர்களுக்குச் சிரமமில்லை. ஆட்டோகிளேவ் இல்லாவிட்டால் பிரஷர் குக்கர். 30 டிகிரிக்குப் புதுச்சேரியில் வருஷத்தில் பல மாதங்கள் அறையின் சூடே ஏறக்குறையப் போதும். செய்முறை வகுப்பில் வருஷா வருஷம் அதே பழைய பாடத்தைச் செய்து காட்டி நோட்டில் கையெழுத்து வாங்குவதைவிட, பாகூர்க் கடையில் விற்கிற பொட்டலத்தைச் சோதிப்பது பிள்ளைகளுக்கும் ருசியாக இருக்கும். குரும்பாப்பேட்டையில் உள்ள காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் எந்தெந்தக் குழாய் வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால் போதும். காரைக்கால் வேளாண் கல்லூரியிலிருந்து பெயர் தெரிந்த அசல் வளர்ப்புகளை வாங்கி, ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக் கொள்ளலாம்.

கல்லூரிப் பிள்ளைகளின் சோதனை கோர்ட்டில் நிற்குமா என்று கேட்பார்கள். நிற்காது, நிற்கவும் வேண்டாம். சட்டப்படியான மாதிரியை உர ஆய்வாளர்தான் எடுக்க வேண்டும். அதைப் பார்ப்பதற்குக் காசியாபாத்தில் தேசிய மையமும், பெங்களூர் முதலிய ஊர்களில் அதன் வட்டார மையங்களும் இருக்கின்றன. ஆனால் நூற்றுக்கணக்கான பொட்டலங்களில் எதை எடுத்து அனுப்புவது என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? லாஸ்பேட்டைக் குழாய் கலங்காமல் நின்றது என்றால், அதே சரக்கில் அவர் கை வைக்கலாம். கரும்புகையைப் பார்த்துத் தீயணைப்பு வண்டி புறப்படுவதுபோல.

இப்போது டி.என்.ஏ. வரிசையைப் படித்துப் பெயர் சொல்லிவிடுகிறார்களே, இந்தப் பழைய குழாய் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. அது உயர்ந்த முறைதான். புதிய இனத்துக்குப் பெயர் வைக்க இன்று அது இல்லாமல் முடியாது. ஆனால் தீனிச் சோதனையையும் யாரும் கைவிடவில்லை. பிச்சாவரம் சதுப்பில் உப்பு நீரில் வளரும் காட்டு நெல்லிலிருந்து, தழைச்சத்தும் கொடுத்து மணிச்சத்தையும் கரைக்கிற ஒரு பாக்டீரியாவைச் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த லோகநாதன், சுதா நாயர் இருவரும் பிரித்தெடுத்து, 2004இல் சுவாமிநாதனியா என்று அறிவித்தார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் டி.என்.ஏ. ஒப்பீடு இருந்தது, எந்தச் சர்க்கரையைத் தின்று எப்படிப் புளிப்பு உண்டாக்குகிறது என்ற பட்டியலும் இருந்தது. டி.என்.ஏ. பாக்டீரியாவின் குலம் கோத்திரத்தைச் சொல்லும். இன்றைக்கு அது வேலை செய்கிறதா என்பதைக் குழாய்தான் சொல்லும்.

குழாயை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான், அதையும் மறைக்கக் கூடாது. ஒரே இனத்துக்குள் ஒரு வகை தின்பதை இன்னொரு வகை தின்னாமல் போகும். பல வருஷம் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த பாக்டீரியா பழைய பழக்கத்தை மறந்தும் போகும். ஆகவே ஒரு குழாயைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எட்டு, பத்து சேர்த்துப் பார்க்க வேண்டும். சில கூட்டத்தைத் தீனியால் பிரிக்கவே முடியாது. வெங்காய அழுகலில் 1950இல் அமெரிக்காவில் பர்க்ஹோல்டர் கண்ட செபாசியா பாக்டீரியா அப்படிப்பட்டது. நூறு வகைக் கரிப்பொருள்களைத் தின்னும் அசுரத் தீனிக்காரன். பயிர் நோயைத் தடுக்கும் என்று அங்கே வயலுக்குக் கொண்டு வரப் பார்த்தார்கள். நுரையீரல் நோயாளிகளுக்கு எமன் என்று தெரிந்து பின்வாங்கினார்கள். அது ஒரே இனமல்ல, ஒட்டிப் பிறந்த பல இனங்களின் கூட்டம் என்று பின்னால் தெரிந்தது. அங்கே குழாய் கைவிரித்துவிடும், டி.என்.ஏ.வுக்குத்தான் போக வேண்டும்.

இந்த யோசனையால் உயிர் உரம் தயாரிக்கிறவர்கள் கோபப்படத் தேவையில்லை. பயிர் சரியில்லை என்றால் பழி எல்லாம் இப்போது அவர்கள் மேல்தான் விழுகிறது. சரக்கு நன்றாக இருந்தும், தகரக் கூரைக் கடையில் சித்திரை வெயிலில் வெந்து பாக்டீரியா செத்துப் போயிருக்கலாம். யூரியாவோடு சேர்த்துக் கலந்து விவசாயியே கொன்றிருக்கலாம். ஆறாத கஞ்சியில் விதையைக் கலந்தவர்களும் இருக்கிறார்கள். இனம் சரி, ஆனால் உயிர் இல்லை என்று லாஸ்பேட்டையில் எழுதிக் கொடுத்தால், குற்றம் கடையிலா, வயலிலா, கம்பெனியிலா என்று பிரித்துப் பார்க்கலாம். நேர்மையான கம்பெனிக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

ஆரம்பிப்பதென்றால் ஆடியிலேயே ஆரம்பிக்க வேண்டும். பொட்டலத்திலிருந்து பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுக்க ஒரு வாரம் முதல் பத்து நாள், குழாயில் வைத்துப் பார்க்க இன்னொரு வாரம் பிடிக்கும். சம்பா நாற்று பறிக்கும் சமயத்தில் முடிவு வந்தால்தான், ஏக்கருக்கு எத்தனை பொட்டலம், யூரியாவில் எவ்வளவு குறைப்பது என்று விவசாயி கணக்குப் போட முடியும். பொட்டலத்தின் தயாரிப்பு எண்ணையும் காலாவதித் தேதியையும் முதலிலேயே எழுதிவைத்துக் கொள்ள வேண்டும். கலங்கின குழாய்களைச் சாக்கடையில் கொட்டும் முன் குக்கரில் அரை மணி நேரம் அவித்துவிட வேண்டும்; 41 டிகிரியில் வளர்ந்த குழாயை ஆசிரியர் தவிர யாரும் திறக்கக் கூடாது.